எண்பத்திரண்டு கேட்சும் நாலு தப்படியும்

டோலிடோ, ஒஹையோ
25 நவம்பர் 1985

மச்சான் அவர்களுக்கு,

எல்பர்ட் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆறு வருடமாக உங்கள் கிறிஸ்துமஸ் அட்டை உங்கள் தங்கை லொரெய்ன் பெயருக்கு மட்டும் வருகிறது. அது வருகிற வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அதைக் கண்ணாடி அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தி வைக்கிறவனும் நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஏப்ரலில் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் பையன்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நாளில், எங்கள் அணிக்கு ஐந்தாவது இடம். எங்களிடம் பந்தெறிய நல்ல ஆள் இருக்கிறார். எறிந்ததை வாங்க ஆள் இல்லை. ஓரத்தில் நின்று ஓடிப் பிடிக்கிற ரிசீவர்கள் நாலு பேர் இருந்தும், நெருக்கடியில் 'இவனுக்கு எறி' என்று நம்பிச் சொல்ல ஒருவர் இல்லை. எங்களுக்கு வேண்டியது முதல் இலக்கு.

மேலாளர் கெஸ்லர் என்னைக் கூப்பிட்டார். "எல்பர்ட், தெக்கத்திக் காலேஜெல்லாம் உன் வட்டாரம். இந்தத் தடவ பேரு நீ சொல்ற. போன தடவ மாதிரி ஆச்சுன்னா, டீம் கார் சாவிய இந்த மேசைல வச்சிட்டு வீட்டுக்கு நடந்து போ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மச்சான். இந்த வேலை தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

உங்கள் ஊர்க் கல்லூரியின் ரெஜி பெட்வேக்குச் சனிக்கிழமையோடு எண்பத்திரண்டு கேட்ச். நாட்டில் அவனுக்கு மேல் இரண்டே பேர். கல்லூரி அனுப்பிய படச்சுருளை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். படம் எடுப்பவர் சுருளை மிச்சம் பிடிக்கப் பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்புகிறார். பந்து போகாத பக்கத்தில் என்ன நடந்தது என்பது படத்திலேயே இல்லை.

நீங்கள் ஒரு ஆட்டம் விடாமல் மேலேயிருந்து பார்த்தவர். யார் எங்கே நின்றார்கள் என்று ஏட்டில் இன்னும் புள்ளி வைக்கிறீர்களா? ரெஜி உண்மையான முதல் இலக்கா, இல்லையா? உங்கள் வாய்ச்சொல் போதும்.

எல்பர்ட்


ஹார்லோ, அலபாமா
4 டிசம்பர் 1985

திரு. எல்பர்ட் லோமாக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 29ஆம் தேதி கிடைத்தது. முதலில் பழைய விஷயம்.

1979 அக்டோபரில் டோலிடோ பத்திரிகையில் நீங்கள் சொன்னது: "என் மச்சான் பத்திரிகைக்காரர். பையன் மேல மயங்கிட்டார். நான் அவர் மேல நம்பிக்கை வச்சேன்." அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. நீங்கள் எடுத்த வில்லி போ இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். பழி என் தலையில். நான் அப்போது உங்களுக்கு எழுதியதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 'இவனைப் போல ஓடுகிறவனை நான் பார்த்ததில்லை' என்பது முதலாவது. 'இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் என்ன செய்வான் என்பதையும் நான் பார்த்ததில்லை' என்பது இரண்டாவது. நீங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர்கள். முப்பத்திநாலு வருடமாக ஹார்லோ கூரியரில் எழுதுகிறேன். பாதி வாக்கியத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது ரெஜி. இந்த ஊரில் அவனைப் பற்றிக் கேள்வியே கிடையாது. அவன் ஒவ்வொரு கேட்ச் பிடிக்கும்போதும் பேண்டு வாத்தியக்காரர்கள் பெரிய டிரம்மை ஒரு அடி அடிப்பார்கள். மைதானம் மொத்தமும் எண்ணிக்கையைக் கத்தும். மவுண்ட் பிஸ்கா தேவாலயத்தில் அன்றைய பாட்டு எண்களைச் செருகி வைக்கும் மரப்பலகை இருக்கிறதே, அதில் செப்டம்பரிலிருந்து ஒரு வரிசை கூடியிருக்கிறது. மேலே பாட்டு எண்கள், அடியில் ரெஜியின் கேட்ச். போதகர் கிரீன்லீயே செருகுகிறார். போன மாதம் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் அறுபத்தெட்டாம் பாட்டைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தார்.

நானும் மூன்று வருடமாக அவனை 'நாட்டின் தலைசிறந்த ரிசீவர்' என்றுதான் எழுதி வருகிறேன். ஆகவே பதில்: ஆம்.

புள்ளி வைக்கிறேன். வானொலி வர்ணனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் அடையாளம் சொன்ன காலத்துப் பழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும், பந்து கிளம்புவதற்கு முன் எதிரணி பதினொரு பேரும் நிற்கும் இடத்தைக் குறிக்காவிட்டால் எனக்குக் கை நமநமக்கிறது. அந்த ஏடுகளை நான் யாருக்கும் தருவதில்லை.

லொரெய்னைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஹோரஸ் டகெட்


டோலிடோ
12 டிசம்பர் 1985

மச்சான் அவர்களுக்கு,

'திரு.' என்று ஆரம்பித்திருந்ததைப் பார்த்து லொரெய்ன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் உங்களுக்கு வரி நோட்டீஸ் அனுப்பியிருக்காரு" என்கிறாள்.

அந்த இரண்டாவது வாக்கியம். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. உங்கள் கடிதத்தைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பும்போது அதை நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. அதைச் சேர்த்தால் வில்லியை எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் விட்டேன். ஆறு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி இது.

அதனால்தான் இந்த முறை உங்கள் 'ஆம்' எனக்குப் போதவில்லை. போன கடிதத்தில் வாய்ச்சொல் போதும் என்று கேட்டேன், தப்பாகக் கேட்டுவிட்டேன். எண்பத்திரண்டு என்கிற எண்ணும் எனக்கு வேண்டாம். அதை உங்கள் போதகரே வைத்திருக்கிறார்.

எதிரணியில் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்கிற கடைசிக் காவல்காரனைப் பற்றித்தான் கேட்கிறேன். அவன் யாரைக் கண்டு பயப்படுகிறானோ அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பான். எதிரணி கோச் வாரம் முழுக்க யோசித்து, யார் ஆபத்தானவன் என்று முடிவு செய்து, அவனை அங்கே நிறுத்துகிறார். ரெஜி ஒரு ஓரம். மறு ஓரத்தில் நேதன் ஸ்பைவி என்று ஒரு பையன், மொத்தம் முப்பத்தொரு கேட்ச். பந்து கிளம்புமுன் கடைசிக் காவல்காரன் எந்தப் பக்கம் நின்றான்? ஏட்டைத் தர வேண்டாம். எண்ணிச் சொல்லுங்கள், போதும்.

எல்பர்ட்


ஹார்லோ
9 ஜனவரி 1986

எல்பர்ட்,

எண்ணினேன். பதினொரு நாள் ஆனது, ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, சந்தேகமான புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணினேன்.

ஸ்பைவி ஆடிய ஆட்டங்கள் ஒன்பது. அவற்றில் நம்மவர்கள் பந்தெறிந்தவை 254 முறை. கடைசிக் காவல்காரன் ஸ்பைவி பக்கம் சாய்ந்து நின்றது 187. நடுவில் நின்றது 46. ரெஜி பக்கம் நின்றது 21.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு திரும்ப எண்ணினேன். மாறவில்லை.

கணுக்கால் பிசகி ஸ்பைவி வெளியே உட்கார்ந்த ஆட்டங்கள் இரண்டு. அவற்றில் 58 முறை எறிந்தார்கள். 41 முறை கடைசிக் காவல்காரன் ரெஜி பக்கம் வந்துவிட்டான். அந்த இரண்டு ஆட்டத்திலும் ரெஜியின் கேட்ச் இரண்டு, மூன்று. மற்ற ஒன்பதில் ஆட்டத்துக்கு எட்டுக்குக் குறையாது.

அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றி நான் பத்திரிகையில் என்ன எழுதினேன் என்று எடுத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்துக்கு 'மழையில் நழுவிய பந்து' என்று எழுதியிருக்கிறேன். மழை பெய்தது உண்மை. இரண்டாவதற்குக் 'காற்றின் சதி' என்று எழுதியிருக்கிறேன். அன்று காற்றே இல்லை. என் ஏட்டின் மூலையில் என் கையாலேயே 'கொடி அசையவில்லை' என்று குறித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைக் கை குறித்து வைத்திருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது ஊர் கத்தின எண்ணிக்கை காதில் இருந்திருக்கிறது.

இனி ஸ்பைவி. அவனுடைய முப்பத்தொன்றில் இருபத்துநாலு, இரண்டு பேர் மறித்து நின்றபோது வந்தவை. பதினாலு, அதுதான் கடைசி வாய்ப்பு, தவறினால் பந்து எதிரணிக்கு என்கிற நிலையில் வந்தவை. எறிகிற பையன் சாதாரண நேரத்தில் காலியாக இருந்த ரெஜிக்கு எறிந்திருக்கிறான். உயிர் போகிற நேரத்தில் ஸ்பைவிக்கு எறிந்திருக்கிறான். அவன் வாயால் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

முதல் இலக்கு என்றால் என்ன என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு முறையும் எழுத்தில் வைத்ததில்லை. இப்போது வைக்கிறேன்: பந்து யாருக்குப் போகப் போகிறது என்று மைதானம் மொத்தத்துக்கும் தெரிந்த பிறகும் அது போய்ச் சேருகிற ஆள். ஊரில் அப்படி ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் பலகையில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நான் சாப்பிடுவது ரெஜியின் அம்மா மேவிஸ் பெட்வே தன் கடையில் பொரிக்கிற மீன். போன வாரம் அவர் தட்டை நீட்டிக்கொண்டே, "என்ன ஹோரஸ், மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க? மீன்ல முள்ளா, மனசுல முள்ளா?" என்றார். தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். இந்தக் கணக்கு உனக்கு மட்டும்தான். மற்ற அணிகளுக்கு நான் எண்ணித் தரவில்லை, நீயும் தராதே. ரெஜி நல்ல ஆட்டக்காரன்தான். அதையும் மேலே அனுப்பு. இந்த முறை இரண்டு வாக்கியத்தையும் அனுப்பு.

ஹோரஸ்


ஹார்லோ
20 பிப்ரவரி 1986

திரு. எல்பர்ட் லோமாக்ஸ் அவர்களுக்கு,

நீங்கள் 17ஆம் தேதி திங்கட்கிழமை ஹார்லோவுக்கு வந்ததாகவும், கல்லூரி மைதானத்தில் மூன்று மணி நேரம் இருந்ததாகவும், பெட்வே அம்மாளிடம் இரண்டு தட்டு மீன் வாங்கியதாகவும் அறிகிறேன். மைதானத்திலிருந்து என் வீடு நாலு தெரு. காலையில் பிஸ்கட் சுட்டு டின்னில் வைத்திருந்தேன்.

ஹோரஸ் டகெட்


டோலிடோ
26 பிப்ரவரி 1986

மச்சான் அவர்களுக்கு,

வந்தேன். உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தேன். காலை ஒன்பது மணிக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக நீங்கள் தெரிந்தீர்கள். ஏடுகளைப் போட்டு வைக்கிற செருப்புப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் நம்பியிருப்பேன். வில்லி போ விஷயத்தில் நடந்ததே அதுதான்; உங்கள் சமையலறையில் உட்கார்ந்து, உங்கள் கண் மின்னுவதைப் பார்த்து நான் முடிவு செய்தேன். இந்த முறை உங்கள் கணக்கோடு வந்து, என் கண்ணால் சோதித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று வண்டியை எடுத்தேன். பிஸ்கட் இருந்தது தெரியாது. தெரிந்திருந்தால் சத்தியமாக இறங்கியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நாற்பது கஜ ஓட்டம். ரெஜி 4.43 நொடி. ஸ்பைவி 4.61. இந்த இரண்டு எண்ணையும் கெஸ்லரிடம் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு கோச் மெரிவெதரிடம் இரண்டு காவல்காரர்களைக் கேட்டேன். ரிசீவர் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவான் என்பதை ஒவ்வொரு முறையும் அந்த இருவரிடமும் முன்னாலேயே சத்தமாகச் சொன்னேன். கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என்னய்யா இது? சீட்டாட்டத்துல கைய விரிச்சுக் காட்டிட்டு ஆடுன்ற மாதிரி இருக்கு?"

"அதேதான் கோச். விரிச்சுக் காட்டியும் ஜெயிக்கிறவன் யாருன்னு பாக்கணும்."

ரெஜிக்கு எட்டு எறிந்தார்கள். ஒன்று பிடித்தான். ஸ்பைவிக்கு எட்டு. ஐந்து பிடித்தான். ஆறாவதும் கையில் பட்டு விழுந்தது. அதற்கு அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டது உங்கள் பத்திரிகையில் அச்சேறாது. அவன் வேகமானவன் அல்ல, மச்சான். நிற்கத் தெரிந்தவன். முழு வேகத்தில் போய் ஒரே காலில் நிற்கிறான். கூட ஓடினவர்கள் இரண்டு தப்படி தாண்டிப் போய்விடுகிறார்கள். நிறுத்து கடிகாரத்தில் அது ஏறாது.

அவனைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு நான் முன்னாலயே சொன்னது அநியாயம்னு தோணலையாப்பா?" என்றேன்.

"அவங்களுக்கும் சொன்னீங்க, எனக்கும் சொன்னீங்க. அப்ப சமம்தான சார்?" என்றான். திமிராகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

கிளம்பும்போது ரெஜி கார் வரை வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான். "நேதன் இல்லாம ஆடின அந்த ரெண்டு ஆட்டத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். எங்கம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சர்ச்ல பலகையெல்லாம் வச்சிருக்காங்க." நான் அவன் கையைக் குலுக்கினேன். எதிர் ஓரத்தில் ஒரு நேதன் இருக்கிற அணிக்குப் போனால் இவன் பத்து வருடம் ஆடுவான். அதை அப்படியே எழுதுகிறேன்.

பிஸ்கட்டுக்கு மன்னிப்பு.

எல்பர்ட்


டோலிடோ
2 மே 1986

மச்சான் அவர்களுக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடந்தது இது.

என் அறிக்கையில் முதல் வரி: 'ஸ்பைவி முதல் இலக்கு. பெட்வே மிக நல்ல இரண்டாமவர்.' கெஸ்லர் அதைச் சத்தமாகப் படித்தார். அறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். "முப்பத்தொண்ணு!" என்றார் கெஸ்லர். "எல்பர்ட், முப்பத்தொண்ணு என் மருமகனோட இடுப்பு சைஸு." ரெஜியை ஐந்தாவதாக எடுக்கும் தாளில் என் கையெழுத்தைக் கேட்டார். போட மாட்டேன் என்றேன். உங்கள் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். 187 வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஐந்தாவதாக ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்தார்கள். ரெஜி எட்டாவதாக மேற்கத்திய அணி ஒன்றுக்குப் போனான். நீங்கள் பயந்தது போல அவன் மதிப்பு ஒன்றும் குறையவில்லை. இரண்டாம் சுற்று வந்ததும் கெஸ்லர் என் பக்கம் திரும்பினார். "உன் ஆள் இன்னும் இருக்கான். எடுக்கச் சொல்றியா?"

"சொல்றேன்."

"சாவி?"

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தன் இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அக்டோபர் நடுவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாற்றுச் சாவி வைத்து வண்டி ஓட்டுகிறேன்.

நேதனை எடுத்துவிட்டோம்.

எல்பர்ட்


டோலிடோ
23 செப்டம்பர் 1986

மச்சான் அவர்களுக்கு,

மூன்று ஆட்டம் ஆயிற்று. நேதனுக்கு மொத்தம் நாலு கேட்ச். ரெஜிக்கு அங்கே பதினேழு. உள்ளூர்ப் பத்திரிகை இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் என் படத்தையும் போட்டிருக்கிறது. என் படம் பழையது. முடி இருக்கிறது.

எனக்குப் பயம் இல்லை. அவன் இன்னும் பயிற்சியில் செய்வதைத்தான் செய்கிறான். ஆனால் நான் சொன்னால் கெஸ்லர், "உனக்கு வேற வழியில்ல, சொல்லித்தான ஆகணும்" என்கிறார். லொரெய்ன் வண்டியை நன்றாகக் கழுவி வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுப்பதானாலும் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம்.

எல்பர்ட்


ஹார்லோ
8 அக்டோபர் 1986

மாப்பிள்ளை எல்பர்ட்டுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான் டோலிடோவில் பார்த்தேன். தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும். உன் படச்சுருளுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆகவே சனிக்கிழமை விடியுமுன் கிளம்பிப் பதினாலு மணி நேரம் ஓட்டினேன். சீட்டு மேல்வரிசையில், கடைசிக்கு முந்தியது. அங்கேயிருந்துதான் இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள். பக்கத்தில் இருந்த ஆள் இரண்டு மணி நேரம் என் நோட்டையே பார்த்துவிட்டு, "பெரியவரே, ஆட்டத்த எப்பப் பாப்பீங்க?" என்றார். "நீங்க பந்தப் பாருங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நீ கீழே, கம்பி ஓரம், பழுப்பு நிறக் கோட்டில் நின்றாய். உன் வீட்டுக்கு நான் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். நீ பிப்ரவரியில் செய்ததைத்தான் செய்தேன், காரணமும் அதேதான். உன் முகத்தைப் பார்த்தால் பென்சில் உன் பக்கம் சாய்ந்துவிடும்.

தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். சுருக்கம்:

முதல் பாதியில் உங்கள் அணி 17 முறை எறிந்தது. எதிரணிக் கடைசிக் காவல்காரன் 14 முறை நடுவில் நின்றான். நேதனுக்கு இரண்டு கேட்ச். இரண்டும் கடைசி வாய்ப்பில். இரண்டாவதில், அவன் திரும்பப் போகும் இடத்துக்கு முன்னாலேயே மறிக்கிறவன் பாய்ந்துவிட்டான். நேதன் நின்றான். மறித்தவன் தாண்டிப் போனான். நீ சொன்ன அந்த நிற்பை நான் மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் எழுதியதில்லை.

இடைவேளையில் எதிரணி கோச் எதையோ யோசித்திருக்கிறார். இரண்டாம் பாதியின் முதல் ஆட்டத்துண்டு, தாள் 18. பந்து இன்னும் கிளம்பவில்லை. யாரும் யாருக்கும் எறியவில்லை. கடைசிக் காவல்காரன் நடுவிலிருந்து நேதன் பக்கம் நடக்கிறான். நாலு தப்படி. நான் எண்ணினேன். அம்பு போட்டுக் காட்டியிருக்கிறேன். அதன் பிறகு எறிந்த 19இல் 16 முறை அவன் அங்கேயே நின்றான். நேதனுக்கு இரண்டாம் பாதியில் கேட்ச் ஒன்றுகூட இல்லை. கடைசிக் காவல்காரன் காலியாக விட்ட மறுபக்கத்தில் உங்கள் பழைய ஆள் ப்ரஸ்கோ ஒன்பது பிடித்தான், நீங்கள் ஜெயித்தீர்கள், மறுநாள் பத்திரிகையில் ப்ரஸ்கோ படம்.

நான்கே ஆட்டம் ஆடியவன். பெயர் தெரியாதவன். அவனுக்காக, சம்பளம் வாங்கும் ஒரு பெரிய கோச் தன் கடைசி ஆளை நாலு தப்படி நகர்த்தினார். தாள் 18ஐ உன் கெஸ்லர் மேசையில் வை. எதையும் சொல்லாதே.

ஹோரஸ்


டோலிடோ
14 அக்டோபர் 1986

மச்சான்,

நான் எதையும் சொல்லவில்லை. வைத்தேன்.

கெஸ்லர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் மைதானப் படம் மேலேயிருந்து எடுப்பது, அகலமானது. அதை ஓட்டச் சொல்லி, இரண்டாம் பாதியின் முதல் துண்டில் நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து எண்ணினார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார். பிறகு விளக்கைப் போட்டார்.

"யாரு வரைஞ்சது?"

"என் மச்சான்."

"பேப்பர்ல ஒரு தடவ சொன்னியே, பையன் மேல மயங்கிட்டார்னு. அந்த மச்சானா?"

"அவரேதான். அன்னிக்கு மயங்கினது நான். அவர் ஒழுங்காத்தான் எழுதியிருந்தாரு. பாதிய நான்தான் மறைச்சேன்."

கெஸ்லர் தாளை எடுத்து நேதனின் கோப்பில் வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, சாவியை அளவுகோலால் என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ. அடுத்த வாரம் டென்னசி போகணும்ல, நடந்தா போவ?" கதவு வரை போனதும் கூப்பிட்டார். "அந்த மனுஷன் மேல் வரிசைலயா உக்காந்தாரு? அடுத்த தடவ வந்தா நல்ல சீட்டாக் குடு."

"நல்ல சீட்டு அதுதான் சார்" என்றேன்.

கெஸ்லரிடம் சொன்னதையே உள்ளூர்ப் பத்திரிகைக்காரனிடமும் சொன்னேன். ஏழு வரி போட்டிருக்கிறான், ஆறாம் பக்கத்தில். துண்டு இத்துடன். பழையதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி கூறும் நாளுக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று லொரெய்ன் உத்தரவு. "ஊர் வரைக்கும் வந்துட்டு வாசப்படி மிதிக்காமப் போற வேலையெல்லாம் நீங்க ரெண்டு பேரும் இதோட நிறுத்துங்க" என்கிறாள்.

எல்பர்ட்


ஹார்லோ
20 அக்டோபர் 1986

மாப்பிள்ளை,

துண்டு கிடைத்தது. பழையதை எடுக்கவில்லை. நான் எதையும் எறிகிறவன் இல்லை. இரண்டையும் தேதி வாரியாக ஒரே உறையில் வைத்திருக்கிறேன். இப்போதுதான் அந்தச் செய்தி முழுதாக இருக்கிறது.

நவம்பர் 26 மாலை வருகிறேன். பிஸ்கட் நான் கொண்டுவருகிறேன்.

இன்னொன்று. மவுண்ட் பிஸ்கா பலகையில் இந்த வருடம் இரண்டு வரிசை. நம் ஊரிலிருந்து போன இருவர் அல்லவா. 12ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில், ரெஜிக்கு முந்தின வாரக் கேட்ச் ஆறு, செருகியாகிவிட்டது. நேதன் இடத்தில் போதகர் கிரீன்லீ 2 என்று செருகப் போனார். நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்து வாங்கிவிட்டு 4ஐச் செருகினேன்.

"டகெட், பேப்பர்ல ரெண்டுன்னுதான போட்டிருக்கு?" என்றார் போதகர்.

"இது கேட்ச் இல்ல போதகரே. அவனப் பாத்து எதிராளி நகர்ந்த தப்படி."

அவருக்குப் புரியவில்லை. மாற்றக் கையைக் கொண்டுபோனார். பாடகர் வரிசையிலிருந்து மேவிஸ் பெட்வே குரல் கொடுத்தார்: "தொடாதீங்க போதகரே. எங்க ரெஜிக்கு அந்தப் பையனாலதான் எண்பத்திரண்டு வந்துச்சு. அவனே போன்ல சொன்னான். எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். அந்த ரெண்டு ஆட்டமும் நான் பாக்கலையா என்ன? காத்தாம், காத்து!" கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

போதகர் உட்கார்ந்துவிட்டார். பலகையில் 4 இருக்கிறது. நேற்றும் இருந்தது.

ஹோரஸ்